ஸ்நோ யோகா சொன்ன மழை

எங்க வீட்டுக்காரரு பேரு யோகேந்திரன். தோட்டத்துல அந்தப் பேரச் சொல்லி விசாரிச்சா முழிப்பாங்க. ஸ்நோ யோகான்னு கேளுங்க, நேரா எங்க வாசல்ல கொண்டாந்து விட்டுடுவாங்க. கேமரன் மலையில தேயிலை ஃபேக்டரி, அதுல ட்ரையர் மிஷின் வேலை. நாள் பூரா கொழுந்து காயுற சூட்டுல நின்னு வேகுற மனுசன். அந்த மனுசனுக்கு ஆசை எது மேலங்கிறீங்க? பனி மேல! காலையில தேயிலச் செடி மேல நிக்குமே, அந்தப் பனி இல்ல. ஜப்பான்ல வானத்துல இருந்து வெள்ளையா கொட்டுமே, அந்த ஸ்நோ.

கண்ணால ஒரு தடவகூடப் பார்த்தது கெடையாது. ஆனா ஜப்பான்ல எந்த ஊரு ரயில் ஸ்டேஷன்ல எம்புட்டுப் பனி ஏறிக் கெடக்குன்னு பல்லு வெளக்கும்போதே சொல்லுவாரு. அந்த ஸ்டேஷன்ல ஒரு கேமரா இருக்காம், ராப்பகலா படம் காட்டுமாம். வீட்டுல கேஸ் தீந்துபோச்சான்னு கேட்டுப் பாருங்க, தெரியாது. உலகத்துல உள்ள பனிப் பைத்தியமெல்லாம் சேர்ந்து போன்ல ஒரு குரூப் வச்சிருக்குதுங்க. வானிலைக் கணக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ புதுசா வரும். அது வர்ற நேரம் பார்த்து நான் சோத்தப் போட்டா ஆறி அவலாப் போயிடும். "இரு மலரு, இப்ப வந்துடும்லா"ம்பாரு. எது வரும்? சைபீரியாவுல இருந்து குளிர்க்காத்து வரும். என் தலையெழுத்து, எனக்குச் சக்களத்தி சைபீரியாவுல இருக்கா.

எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. அவரு பக்கம் சொந்தம்னு இருக்கிறது ஒரே ஒரு அக்கா, செல்லம்மா, நான் அண்ணின்னு கூப்புடுவேன். ஆத்தா அப்பன் போன பெறகு அண்ணிதான் கொழுந்து பறிச்சு இவரை ஆளாக்குச்சு. அண்ணியோட புருசனும் போயிச் சேர்ந்துட்டாரு. தோட்டத்து ஆளுங்க வீட்டு வரிசை, கீழ் லைன், அதுல கடைசி வீட்டுல தனியா இருந்துச்சு. எங்ககூட வந்து இருங்கன்னா வராது. ரெண்டு முட்டியும் வீங்கி, படி ஏறணும்னா பத்து சாமியக் கூப்புடும். வீட்டுக்குப் பின்னாடி செம்மண் மேடு, நெட்டுக்குத்தா நிக்கும். மழை ரெண்டு நாளு விடாம பேஞ்சா மண்ணு சரியும்னு பயந்து கீழ் லைன் ஆளுங்க எல்லாரும் மேல டேவான்ல போய்ப் படுப்பாங்க. கல்யாணம், கூட்டம் எல்லாம் நடக்கிற மண்டபம்தான் அது. வருசா வருசம் நடக்கிறதுதான்.

அண்ணிக்குத் தம்பி வாக்குதான் வேதவாக்கு. ஒரு தடவ கோயில் திருவிழா அன்னிக்கு, பளிச்சுன்னு வெயில் அடிக்கையில, "தேர் கெளம்புறப்ப மழை வரும்க்கா"ன்னாரு. வந்துச்சு. குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச கதை. அதுக்கப்புறம் ரேடியோ சொன்னாலும் அண்ணி கேக்காது, துரையே வந்து சொன்னாலும் கேக்காது. துணி காயப் போடணும்னாகூட இவருக்குத்தான் போன். இந்த மனுசனும் பெருமையா பதில் சொல்லுவாரு. நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன், "உங்களுக்குத் தெரிஞ்சது ஜப்பான் மழை, நம்ம ஊரு மழைக்கு நீங்க ஏன் நாட்டாமை பண்றீங்க?"ன்னு. சிரிச்சுக்கிட்டே போயிடுவாரு.

போன டிசம்பர்ல ஜப்பான் போறதுன்னு முடிவாச்சு. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க சேர்ந்து சுத்திப் பார்க்கப் போற மொத ஊரு அதுதான். டிக்கெட் போட்டாச்சு, அப்புறமும் இவரு சும்மா இருந்தாரா? குரூப்புல எவனோ ஒருத்தன் பெரிய குளிர்க்காத்து இறங்கப் போவுதுன்னு சொன்னானாம், அதுக்குத் தோதா தேதிய மாத்துனாரு. பிரிஞ்சாங் பண்டல் கடையில, வெளிநாட்டுக்காரங்க போட்டுக் கழிச்ச துணி குவிச்சிருப்பாங்களே, அங்க போய் ரெண்டு கனமான ஜாக்கெட் பொறுக்கிட்டு வந்தோம். சொல்றதுக்கு என்ன, எனக்கும் ஆசை வந்துடுச்சு. யாரும் இல்லாதப்ப அந்த ஜாக்கெட்டப் போட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன்.

கெளம்புற அன்னிக்குக் காலையில மழை. மொத நாளும் அப்படித்தான். பிளேன் ராத்திரிதான், ஆனாலும் மலை எறங்கணுமே, வெள்ளன கெளம்பிட்டோம். அண்ணிகிட்ட சொல்லிட்டுப் போலாம்னு கீழ் லைனுக்குப் போனோம். அண்ணி இவரு நெத்தியில விபூதி பூசிட்டு, "ஏண்டா, மழை எப்ப விடும்? கங்காணி வேலப்பன் டேவானுக்கு வா வான்னு உசுர எடுக்குறான். இந்த முட்டிய வச்சுக்கிட்டு அந்தப் படிய எப்படிடா ஏறுவேன்?"ன்னுச்சு.

இவரு வானத்தக்கூடப் பார்க்கல. "மத்தியானத்தோட விட்டுடும்க்கா. வடக்க இருந்து வர்றது காஞ்ச காத்து. மேகத்தையெல்லாம் தொரத்திடும்."

"அப்ப நான் போவல."

"வேணாம்க்கா, நீங்க பேசாம இருங்க."

அம்புட்டுதான் பேச்சு. ரிங்லெட்ல பஷீர் பாய் கடையில டீ குடிக்க நிறுத்துனோம். அங்கயும் இவரு மழை விட்டுடும்னாரு. பாய் வெளிய எட்டிப் பார்த்து, "என்ன யோகா, ஏரித் தண்ணி ஏறிக்கிட்டே போவுது. நீ விட்டுடும்ங்கிற?"ன்னு கேட்டாரு. "விட்டுடும் பாய்"னாரு இவரு. சைபீரியாவ நேத்துதான் நேர்ல பார்த்துட்டு வந்த மாதிரி ஒரு தெம்பு.

தாப்பா ரோட்டுல கொஞ்ச தூரம் எறங்கியிருப்போம். முன்னாடி காய்கறி லோரியெல்லாம் வரிசையா நிக்குது. கீழ எங்கயோ மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிடுச்சாம், மிஷின் வந்து அள்ளுற வரைக்கும் நிக்கணுமாம். கார் கண்ணாடியில மழை அடிக்கிற சத்தத்துல பேசுறதே கேக்கல. எனக்குப் பிளேன் கவலை. "விட்டுடும் விட்டுடும்னீங்களே, எங்க விடுது?"ன்னேன். அவரு போன எடுத்தாரு.

அந்த வானிலைப் படம் எனக்கு நல்லாத் தெரியும். எப்ப எட்டிப் பார்த்தாலும் ஜப்பான்தான் இருக்கும், அதுல நீலமும் வெள்ளையுமா திட்டுத் திட்டா இருக்கும். அன்னிக்குத்தான் இவரு வெரல வச்சு அந்தப் படத்தக் கீழ இழுத்தாரு. சீனாவத் தாண்டி, கடலத் தாண்டி, நம்ம பக்கம். இத்தன வருசத்துல அந்தப் படத்த நம்ம ஊரு வரைக்கும் அவரு இழுத்து நான் பார்த்ததே இல்ல. எங்க பகாங் மாநிலம் மொத்தமும் பெருமழைன்னு செவசெவன்னு கெடந்துச்சு.

"என்னங்க அது?"

அவரு மூஞ்சி செத்துப் போச்சு. "மலரு, அதே காத்துதான். பொறப்படுறப்ப காஞ்ச காத்துதான். கடலு மேல வரும்போது தண்ணியக் குடிச்சிட்டு வருது. அங்க பனியாக் கொட்டுறதும் இதுதான், இங்க மழையாக் கொட்டுறதும் இதுதான். இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு விடாது."

"விடாதா?"

"அக்காகிட்ட போகாதன்னு சொல்லிட்டு வந்துட்டேனே!"

இந்த மனுசனுக்கு இது தெரியாம இல்ல. ஆசை கண்ண மறைச்சிடுச்சு. மழை விடாதுன்னு தெரிஞ்சா அக்காவத் தனியா விட்டுட்டு எப்படிக் கெளம்புறது? அதனால மழை விட்டுடும்னு அவருக்கே அவரு சொல்லிக்கிட்டாரு.

போன் போட்டாரு. ரெண்டு தடவ எடுக்கல. மூணாவது தடவ அண்ணி எடுத்துச்சு. "அக்கா, டேவானுக்குப் போங்க, இப்பவே போங்க!"ன்னு கத்துறாரு. அந்தப் பக்கம் அண்ணி சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு. "வேலப்பன் உன்கிட்டயும் ஓதிட்டானா? எல்லாரும் போயிட்டாங்க, நான் ஒருத்திதான் இருக்கேன்னு அவனுக்கு எரிச்சல். நீதான் மத்தியானம் விடும்னியே, இன்னும் மத்தியானமே ஆகலையேடா. நீ நிம்மதியா போயிட்டு வா சாமி." லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் எத்தன தடவ போட்டாலும் போகவே இல்ல.

வேலப்பன் நம்பரும் கெடைக்கல. அவரு என்னப் பார்த்தாரு. கேக்கணும்னு வாயத் தொறந்துட்டு கேக்காம இருக்காரு. பின் சீட்டுல அந்த ரெண்டு ஜாக்கெட்டும் மடிச்சு வச்சது மடிச்சபடி கெடக்கு. "என் மூஞ்சிய என்ன பார்க்குறீங்க? காரத் திருப்புங்க!"ன்னு கத்துனேன்.

திரும்பி ஏறுறப்ப ரோட்டுல தண்ணி ஆறா ஓடுது. மேட்டுல இருந்து சின்னச் சின்னக் கல்லு உருண்டு வந்து டயர்ல அடிக்குது. அவரு ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிச்ச புடியில வெரலெல்லாம் வெளுத்துப் போச்சு. "மாரியாத்தா, மாரியாத்தா"ன்னு அவரு வாய் முனங்குது. சாமி கும்புடாத மனுசன் அவரு. எனக்குத் திட்டுறதுக்கு நெறைய இருந்துச்சு, ஆனா அப்ப அண்ணி உசுரோட இருந்தாப் போதும்னு இருந்துச்சு.

டேவான் கிட்ட காரப் போட்டுட்டு படியில எறங்கி ஓடுனோம். அங்க நின்னுக்கிட்டிருந்த வேலப்பன், "நானும் ரெண்டு தடவ போய்க் கெஞ்சிட்டேன்பா, அது கரண்டியக் காட்டி வெரட்டுது! ஆளுங்களக் கூப்புட்டிருக்கேன், தூக்கித்தான் கொண்டாரணும்"னு கத்துனாரு. கீழ் லைன்ல ஈ காக்கா இல்ல. கடைசி வீட்டுல மட்டும் புகை வருது. உள்ள போனா, அண்ணி முக்காலியில உக்காந்து நெத்திலி வறுத்துக்கிட்டிருக்கு. பின் கதவுக்கு அடியில செவப்பா சேத்துத் தண்ணி வழிஞ்சு வந்துக்கிட்டிருக்கு. அதத் தடுக்க ஒரு கோணிச் சாக்கப் போட்டு வச்சிருக்கு, அம்புட்டுதான்.

"ஏண்டா திரும்பி வந்த? பிளேனு?"ன்னுச்சு.

இவரு அண்ணி காலடியில உக்காந்துட்டாரு. "அக்கா, நான் சொன்னது தப்பு. மழை விடாது. மேடு சரிஞ்சு வந்துடும். எந்திரிங்கக்கா."

அண்ணி அவரு தலையத் தடவிக் குடுக்குது. "நீ தப்பா சொல்ல மாட்டடா. என்ன விட்டுட்டுப் போக மனசில்லாம இப்படிப் பேசுற. எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ கெளம்பு."

கேட்டீங்களா கூத்த! அவரு சொன்னாருன்னு உக்காந்துச்சு, இப்ப அவரே சொல்றாரு, எந்திரிக்க மாட்டேங்குது. கையப் புடிச்சு இழுத்தாரு. அண்ணி நல்ல பாரியான உடம்பு. இவரு ட்ரையர் சூட்டுல காஞ்ச தேயிலக் குச்சி. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் அசைக்க முடியல. "முட்டி, முட்டி! விடுங்கடா!"ன்னு அலறுது. அந்த நேரம் பின் சுவத்துல மேல இருந்து கீழ வரைக்கும் கீச்சுன்னு ஒரு விரிசல். இவரு அழ ஆரம்பிச்சிட்டாரு. நாப்பது வயசு தாண்டின ஆம்பள, "எந்திரிக்கா எந்திரிக்கா"ன்னு சின்னப் புள்ளையாட்டம் அழுவுறாரு.

எனக்குக் கோவம் வந்தா நாக்கு நிக்காது. ஊருக்கே தெரியும்.

"உங்க தம்பிக்கு என்ன தெரியும்னு இங்க குந்தியிருக்கீங்க? அவன் ஒரு மண்ணாந்தை! ஆகாசம் மேல இருக்கா கீழ இருக்கான்னுகூடத் தெரியாது. போனப் பார்த்து உளறுறான், அத வேதம்னு நம்புறீங்க பாருங்க, உங்களச் சொல்லணும்!"

அண்ணியோட கை கரண்டியோட அப்படியே நின்னுச்சு. "யாரைடி அவன் இவன்ங்கிற?"

"அவனத்தான்! வேற யார?"

அண்ணி எந்திரிச்சிடுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்து அசையாத ஒடம்பு, தானா எந்திரிச்சு நிக்குது! அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் ஒரு எட்டு பின்னால வாசல்ல வச்சேன். அண்ணி ஒரு எட்டு முன்னால வச்சுச்சு. ஆத்தாடி, இதுதான் வழின்னு புடிச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் என் வாயில வந்ததெல்லாம் இருக்கே! சோம்பேறின்னேன். ட்ரையர்ல தூளக் கருக்கிட்டு அடுத்தவன் மேல பழி போட்டவன்னேன். பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கித் தரத் துப்பில்லாதவன்னேன். எல்லாம் பொய். கொட்டுற மழையில, படியில பின்பக்கமா ஏறிக்கிட்டே கத்துறேன். அண்ணி கரண்டிய ஓங்கிக்கிட்டு, "நாக்க இழுத்து வச்சு அறுத்துடுவேண்டி!"ன்னு மூச்சு வாங்க வாங்க ஏறுது. அதுக்குப் பின்னால இவரு, அண்ணி வழுக்கிடாம ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு வர்றாரு. நான் எதுக்குத் திட்டுறேன்னு அவருக்கு வெளங்கிடுச்சு, மூஞ்சியில தெரிஞ்சுது. மேல வேலப்பனும் டேவான் ஆளுங்க எல்லாரும் வந்து நின்னு வேடிக்கை பார்க்குறாங்க.

பாதிப் படியில அண்ணி நின்னுடுச்சு. மூச்சு இழுக்குது. "உன்கிட்ட எனக்கென்னடி பேச்சு? அடுப்பு எரியுது, நான் போறேன்"னு திரும்புது. இவரு குறுக்க நின்னாரு, அண்ணி அவரத் தள்ளுது. எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல. இருந்த பொய்யெல்லாம் தீந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.

"போங்க! ஒரு புள்ளையக் குடுக்க வக்கில்லாதவன் வாக்க நம்பிச் சாவுங்க! பனியப் பார்த்துப் பார்த்தே வெறைச்சுப் போனவன்தானே உங்க தம்பி!"

குறை என்கிட்டதான். ஈப்போ ஆஸ்பத்திரியில டாக்டரம்மா என் முன்னாடியும் அவரு முன்னாடியும் சொன்னது. அண்ணிக்குத் தெரிஞ்சா என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடும்னு, இவரு இன்னிக்கு வரைக்கும் மூச்சு விடல. கேக்குறவங்களுக்கெல்லாம் "ஆண்டவன் இன்னும் குடுக்கல"ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த அந்த வருசம்தான் இவருக்குப் பனிப் பைத்தியம் முத்துனது. ராத்திரியெல்லாம் அந்த ஸ்டேஷன் கேமராவப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. நான் ஏன்னு கேட்டதில்ல.

அந்தச் சொல்லு அவரு மேல பட்டத நான் பார்த்தேன். விரிச்ச கை ரெண்டும் அப்படியே தொங்கிடுச்சு. ஆனா அண்ணி திரும்பிடுச்சு. முட்டியாவது வலியாவது, ரெண்டு ரெண்டு படியா வருது. மேலே வந்து கரண்டியால என் தோளுல ஒண்ணு போட்டுச்சு பாருங்க, எலும்பு வரைக்கும் எறங்குச்சு. ரெண்டாவது அடிக்குக் கைய ஓங்குச்சு.

அப்பதான் அந்தச் சத்தம். லோரி நெறைய கல்லக் கொட்டுன மாதிரி. மேடு மொத்தமா எறங்கி வந்து கடைசி வீட்ட அப்படியே அமுக்கிடுச்சு. கூரைத் தகரத்துல ஒரு முனை மட்டும் சேத்துக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. அடுப்புப் புகையும் காணோம்.

அண்ணி கரண்டியக் கீழ போட்டுட்டுப் படியிலயே உக்காந்துச்சு.

டேவானுக்குள்ள கொண்டுபோய் உக்கார வச்சாங்க. யாரோ போர்வை குடுத்தாங்க. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன், அண்ணி வாங்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, அம்புட்டு சனத்துக்கும் முன்னாடி இவரக் கூப்புட்டுச்சு. வீடு போனதப் பத்தி ஒரு வார்த்த பேசல.

"இவ சொன்னது நெசமாடா? குறை உன்கிட்டயா?"

இவரு என் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. கோவமா பார்த்திருந்தாகூட நான் தாங்கியிருப்பேன். "ஆமாக்கா. என்கிட்டதான்"னாரு.

எனக்கு அதுக்கு மேல முடியல. இத்தன வருசம் அந்த மனுசன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன், அன்னிக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவுல என்னால ஒளிய முடியல. "பொய் அண்ணி! குறை எனக்கு! டாக்டரு சொன்னது என்னத்தான்! உங்கள வெளிய கொண்டாரத்தான் நான் அப்படிப் பேசுனேன். அவரு என்னக் காப்பாத்தப் பொய் சொல்றாரு!"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன்.

அண்ணி என்ன மேலயும் கீழயும் பார்த்துச்சு. அப்புறம் தம்பியப் பார்த்துச்சு.

"நீ சும்மா இருடி. என் தம்பி என்கிட்ட பொய் சொல்ல மாட்டான்."

சொல்லிட்டு, போர்வை நுனிய எடுத்து அவரு தலையத் தொவட்ட ஆரம்பிச்சிச்சு.